ஆகஸ்ட் பில்லும் பள்ளிக்கூடக் கணக்கும்
நியூ ஜெர்சி சொத்து வரி: வாசகர் கேள்வி - பதில்

நியூ ஜெர்சியில் கட்டும் சொத்து வரி ஒரே பில்லாக வந்தாலும் கவுண்டி (பல ஊர்கள் அடங்கிய நிர்வாகப் பகுதி), டவுன்ஷிப் (ஊர் நிர்வாகம்), பள்ளி என்று பிரிந்துபோகிறது. மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்குச் சற்று மேல் பள்ளிகளுக்குத்தான். 2024-ல் ஒரு வீட்டின் சராசரி ஆண்டு வரி 10,000 டாலரைத் தாண்டியது. அங்கே வீடு வைத்திருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். உதாரணக் கணக்குகளில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

கேள்வி: மே மாதம் 2,700 டாலர் கட்டினேன். ஆகஸ்டில் 3,150 கேட்கிறார்கள். ஒரே காலாண்டில் 16 சதவீதத்துக்கு மேல் எப்படி ஏற்றலாம்?
(வாசகர், மிடில்செக்ஸ் கவுண்டி)

பதில்: காலாண்டுக்கு இவ்வளவு என்று யாரும் ஏற்றவில்லை. பில் போடும் முறையால் அப்படித் தெரிகிறது. வரி கட்டும் நாட்கள் பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1. ஆண்டின் முதல் பாதியில் அந்த ஆண்டின் வரி விகிதம் முடிவாகியிருக்காது. அதனால் முதல் இரண்டு தவணைகளையும் போன ஆண்டு வரியில் பாதி என்று தோராயமாக வாங்கிக்கொள்கிறார்கள். விகிதம் முடிவான பிறகு, முழு ஆண்டு உயர்வும் கடைசி இரண்டு தவணைகளின் தலையில் விழுகிறது.

உங்கள் போன ஆண்டு வரி 10,800. இந்த ஆண்டு 11,700 என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியிலும் மே மாதத்திலும் 5,400 கட்டிவிட்டீர்கள். மீதி 6,300 இரண்டாகப் பிரிந்து 3,150 ஆகிறது. உண்மையான ஆண்டு உயர்வு 8.3 சதவீதம்தான். அடுத்த பிப்ரவரியில் பில் 2,925-க்கு இறங்கும். அப்போது "குறைத்துவிட்டார்கள்" என்றும் நினைத்துவிடாதீர்கள்.

பெரும்பாலான ஊர்களில் 10 நாள் சலுகை உண்டு. அதைத் தாண்டினால் 1-ஆம் தேதியிலிருந்தே வட்டி கணக்காகும். முதல் 1,500 டாலர் பாக்கிக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் வரை, அதற்கு மேல் 18 சதவீதம் வரை வாங்கச் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி: வங்கி எஸ்க்ரோ மூலம்தான் வரி கட்டுகிறது, அதாவது வீட்டுக்கடன் தவணையோடு வரிப் பணத்தையும் மாதாமாதம் வாங்கி வைத்துக் கட்டுகிறது. வரி ஆண்டுக்கு 900 டாலர் ஏறியதற்கு மாதத் தவணையை 160 டாலருக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். தப்புக் கணக்கா?

பதில்: கணக்கு சரிதான். 900-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 75, அது நிரந்தரம். ஆனால் ஆகஸ்டிலும் நவம்பரிலும் வங்கி உங்களிடம் வாங்காத 900 டாலரையும் சேர்த்துக் கட்டிவிட்டது. அது எஸ்க்ரோவில் துண்டு விழுந்த தொகை. அதோடு, இரண்டு மாதத் தவணை வரை கூடுதல் இருப்பு வைத்துக்கொள்ள மத்தியச் சட்டம் வங்கிக்கு அனுமதி தருகிறது. அந்த இருப்பும் 150 டாலர் கூட வேண்டியிருக்கிறது. ஆக 1,050-ஐ 12 மாதத்தில் வசூலித்தால் மாதம் 87.50. இரண்டும் சேர்ந்து 162.50. அந்த 1,050-ஐ ஒரே தடவையில் கட்டிவிட்டால் மாத உயர்வு 75-ஓடு நிற்கும்.

கேள்வி: வரியை 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே? என் பில் 8 சதவீதம் ஏறியிருக்கிறதே!

பதில்: 2010-ல் கொண்டுவந்த அந்த வரம்பு உங்கள் பில்லுக்கு இல்லை. பள்ளி மாவட்டமோ (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) டவுன்ஷிப்போ மொத்தமாக வசூலிக்கும் தொகைக்குத்தான். அந்த மொத்தத்தை ஊரில் உள்ள சொத்துகளின் மதிப்பீட்டுக்கு ஏற்பப் பங்கு போடுகிறார்கள். மறுமதிப்பீடு நடந்து உங்கள் தெரு வீடுகள் ஊர்ச் சராசரியைவிட வேகமாக ஏறியிருந்தால் உங்கள் பங்கு கூடும், இன்னொரு தெருவின் பங்கு குறையும். மொத்த வசூல் அதனால் ஒரு டாலர்கூட ஏறாது.

வரம்புக்கு வெளியே போகும் வழிகளும் உண்டு. மருத்துவக் காப்பீட்டுச் செலவு அளவுக்கு மீறி ஏறினால், மாணவர் எண்ணிக்கை கூடினால், ஓய்வூதியப் பங்களிப்பு உயர்ந்தால் கூடுதலாக வசூலிக்கலாம். பயன்படுத்தாமல் விட்ட வரம்பை அடுத்த 3 ஆண்டுகளுக்குள் எடுத்துக்கொள்ளலாம். கட்டடங்களுக்காகப் பொதுவாக்கெடுப்பில் வாங்கிய கடனின் தவணை இந்த வரம்புக்குள் வரவே வராது. உங்கள் ஊரில் இரண்டு ஆண்டுக்கு முன் புதுப் பள்ளிக் கட்டடத்துக்கு வாக்கெடுப்பு நடந்து நிறைவேறியதா என்று பாருங்கள். பல வீடுகளில் காரணம் அதுவாகத்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் வீட்டு விலை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. ஊர் பணக்கார ஊராகிவிட்டது என்கிறார்கள். அப்புறம் ஏன் பள்ளியில் பட்ஜெட் பற்றாக்குறை, ஆசிரியர் குறைப்பு?

பதில்: வீட்டு விலை ஏறியதாலேயே பற்றாக்குறை வருகிறது. இதை ஒவ்வொரு பெற்றோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறோம்.

2008-ல் இயற்றிய பள்ளி நிதிச் சீர்திருத்தச் சட்டப்படி, ஒரு பள்ளி மாவட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று மாநிலம் முதலில் கணக்கிடுகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும், வறுமையில் உள்ள குழந்தைக்கும், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் கூடுதல் எடை உண்டு, அதாவது அவர்களுக்குச் செலவைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். வரும் தொகைதான் 'போதுமான பட்ஜெட்'. பிறகு ஊரின் சொத்து மதிப்பு, ஊர்க்காரர்களின் வருமானம் இரண்டையும் வைத்து, ஊர் எவ்வளவு தாங்கும் என்று உள்ளூர்ப் பங்கைக் கணக்கிடுகிறது. போதுமான பட்ஜெட்டில் இந்தப் பங்கைக் கழித்தால் வருவது மாநிலம் தரும் முக்கிய உதவித்தொகை.

ஒரு மாவட்டத்துக்குப் போதுமான பட்ஜெட் 6 கோடி டாலர், உள்ளூர்ப் பங்கு 4.2 கோடி, மாநில உதவி 1.8 கோடி என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு செலவு 6.2 கோடியாகிறது. வீட்டு விலையும் வருமானமும் ஏறியதால் "உங்களால் 4.6 கோடி திரட்ட முடியும்" என்று சூத்திரம் சொல்கிறது. உதவி 1.6 கோடியாக இறங்குகிறது. ஆனால் 2 சதவீத வரம்பு இருப்பதால் 4.2 கோடியை 4.284 கோடிக்கு மேல் ஏற்ற முடியாது. கையில் மொத்தம் 5.884 கோடி, செலவு 6.2 கோடி. 31 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பள்ளம். ஒரு சட்டம் "உன்னால் முடியும், கட்டு" என்கிறது, இன்னொரு சட்டம் "கட்டாதே" என்கிறது. நடுவில் நிற்பது வகுப்பறை. வரம்புக்கு விலக்குகள் இருந்தாலும் இவ்வளவு பெரிய பள்ளத்தை அவை அடைப்பது அரிது.

2018-ல் வந்த சட்டம், சூத்திரத்துக்கு மேல் உதவி வாங்கிக்கொண்டிருந்த மாவட்டங்களின் கூடுதலை 2024-25 வரை படிப்படியாக வெட்டியது. பல மாவட்டங்கள் அந்த வெட்டை மத்திய அரசின் கொரோனாக் கால நிதியை வைத்துச் சமாளித்தன. அந்த நிதியை ஒப்பந்தமிட்டுச் செலவிடக் கடைசி நாள் 2024 செப்டம்பர் 30. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்தது பெரிய அடி. 2025-26 மாநில பட்ஜெட்டில் சொத்து மதிப்புக்குப் பல ஆண்டுச் சராசரியை எடுத்தார்கள், எந்த மாவட்டத்துக்கும் 3 சதவீதத்துக்கு மேல் உதவி குறையக் கூடாது, 6 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது என்று வேலி போட்டார்கள். அதிர்ச்சி குறைந்தது, ஆனால் மேலே சொன்ன முரண் அப்படியே இருக்கிறது. எங்கள் கருத்தில், தீர்க்க வேண்டியது அந்த முரணைத்தான்.

கேள்வி: நல்ல ஆண்டுகளில் மிச்சப்பட்ட பணத்தைச் சேர்த்து வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?

பதில்: சேர்க்க விடமாட்டார்கள். பொது நிதியில் ஒதுக்கீடு செய்யாத மிச்சம் பட்ஜெட்டில் 2 சதவீதம் அல்லது 2,50,000 டாலர், இரண்டில் எது பெரிதோ அதற்கு மேல் போனால், வரும் பட்ஜெட்டில் வரியைக் குறைக்க அதைச் செலவிட்டாக வேண்டும். கட்டடம், பராமரிப்பு, அவசரம் என்று தனித் தனி இருப்புகள் உண்டு. ஆனால் அவற்றிலிருந்து சம்பளம் கொடுக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. இந்த ஆண்டுப் பள்ளத்தை 15 லட்சம் டாலர் மிச்சத்தை எடுத்து அடைத்தால், அடுத்த ஆண்டு அதே 15 லட்சம் பள்ளம் திரும்ப வரும், மிச்சம் மட்டும் இருக்காது. "இந்த ஆண்டு யாரையும் குறைக்கவில்லை" என்று பள்ளி மாவட்டத்தை நடத்தும் போர்டு சொல்லும்போது, எதை வைத்துக் குறைக்காமல் இருந்தார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: ஜெர்சி சிட்டியில் 40, 50 மாடிக் கட்டடங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த வரியெல்லாம் எங்கே போகிறது?

பதில்: அவற்றில் பல, வழக்கமான சொத்து வரி கட்டுவதில்லை. 'பைலட்' என்று சொல்லும் ஏற்பாட்டில், வரிக்குப் பதிலாக நகரத்துக்கு ஒரு கட்டணம் கட்டுகின்றன. நீண்டகால வரிவிலக்குச் சட்டப்படி இது 30 ஆண்டுகள் வரை நீளலாம். அந்தக் கட்டணத்தில் 95 சதவீதம் நகரத்துக்கு, 5 சதவீதம் கவுண்டிக்கு. பள்ளிக்குப் பங்கு தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் மட்டும் பள்ளிக்கு வருவார்கள். பாழடைந்த நிலத்தில் யாரும் கட்ட முன்வராத காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இடத்துக்குப் போட்டி நடக்கும் ஊரில் அந்த நியாயம் இல்லை என்பதே எங்கள் எண்ணம்.

ஜெர்சி சிட்டியில் 1988-க்குப் பிறகு 2018-ல்தான் மறுமதிப்பீடு நடந்தது. மாநில உதவி வெட்டப்பட்டதை ஈடுகட்ட, நகரம் 2018 நவம்பரில் சம்பளப் பட்டியல் மீது 1 சதவீத வரி கொண்டுவந்தது. நகரவாசிகளின் சம்பளத்துக்கு அதிலிருந்து விலக்கு. முதலாளிகள் கட்டும் அந்தப் பணம் பள்ளிக்குப் போகிறது.

உங்கள் ஊர்க் கவுன்சில் புதிதாக ஒரு பைலட் தீர்மானம் கொண்டுவந்தால், பள்ளிக்கு இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். நகரம் விரும்பினால் கொடுக்கலாம், தடை ஒன்றும் இல்லை.

கேள்வி: என் வீட்டு மதிப்பீடு அதிகம் என்று தோன்றுகிறது. மேல்முறையீடு செய்தால் குறையுமா? வக்கீல் வேண்டுமா?
(வாசகர், சாமர்செட் கவுண்டி)

பதில்: சாதாரண வீட்டுக்காரர் தாமே செய்யலாம். ஆனால் மனுப் போடுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தோற்பவர்களில் பலர் இதைப் போடாமல் போனவர்கள்.

பில்லில் இருக்கும் மதிப்பீடு சந்தை விலை இல்லை. ஒவ்வோர் ஊரிலும் மதிப்பீடு சந்தை விலையில் சராசரியாக எத்தனை சதவீதம் என்று மாநிலம் ஆண்டுதோறும் ஒரு விகிதம் அறிவிக்கிறது. உங்கள் மதிப்பீடு 4,20,000, ஊர் விகிதம் 60 சதவீதம் என்றால், ஊர் உங்கள் வீட்டை 7 லட்சத்துக்குப் போகும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. விகிதத்துக்கு மேலும் கீழும் 15 சதவீதம் விட்டுக்கொடுப்பு உண்டு, அதாவது 51 முதல் 69 வரை.

வீட்டின் உண்மை விலை 6,20,000 என்று நீங்கள் நிரூபித்தாலும், 4,20,000 என்பது அதில் 67.7 சதவீதம். வரம்புக்குள் இருப்பதால் ஒன்றும் குறையாது. 5,80,000 என்று நிரூபித்தால் 72.4 சதவீதம், வரம்பைத் தாண்டிவிட்டது. அப்போது மதிப்பீடு 5,80,000-ல் 60 சதவீதம், அதாவது 3,48,000 ஆகும். நூறு டாலருக்கு 3 டாலர் வரி என்றால் ஆண்டுக்கு 2,160 டாலர் மிச்சம். உண்மை விலை 8,24,000-க்கு மேல் என்று வந்தால் விகிதம் 51-க்குக் கீழே போகும். அப்போது மதிப்பீட்டை ஏற்றவும் முடியும். எதிர்மனு போட ஊருக்கும் உரிமை உண்டு.

கடைசி நாள் பெரும்பாலான கவுண்டிகளில் ஏப்ரல் 1. மறுமதிப்பீடு நடந்த ஊர்களில் மே 1. மான்மத், பர்லிங்டன், க்ளாஸ்டர் கவுண்டிகளில் ஜனவரி 15. ஏ-1 படிவத்தைக் கவுண்டி வரி வாரியத்தில் தர வேண்டும். மதிப்பீடு 1,50,000-க்குக் கீழே இருந்தால் கட்டணம் 5 டாலர், 5 லட்சத்துக்குக் கீழே 25, பத்து லட்சத்துக்குக் கீழே 100, அதற்கு மேல் 150.

ஆதாரமாக முந்தைய ஆண்டு அக்டோபர் 1-ஐ ஒட்டி விற்ற, உங்கள் வீட்டைப் போன்ற 3 முதல் 5 வீடுகளின் விற்பனை விவரம் வேண்டும். விசாரணைக்கு 7 நாள் முன்பே அதை ஊர் மதிப்பீட்டாளருக்கும் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு மதிப்பீடு எடுபடாது, இணையதளம் காட்டும் உத்தேச விலை எடுபடாது, ஜப்தி விற்பனையும் உறவினருக்குள் நடந்த விற்பனையும் எடுபடாது. தொழில்முறை மதிப்பீட்டாளரின் அறிக்கையைக் கொடுத்தால் அவர் நேரில் வர வேண்டும். மேல்முறையீடு நடக்கும்போதும் வரி பாக்கி இருக்கக் கூடாது. "வரி என்னால் தாங்க முடியவில்லை" என்று வாரியத்தில் வாதாடிப் பயனில்லை. அவர்கள் பார்ப்பது வீட்டின் மதிப்பை மட்டும்.

இதற்கெல்லாம் முன், ஊர் அலுவலகத்தில் உங்கள் வீட்டின் பதிவு அட்டையை வாங்கிப் பாருங்கள். பூசாத பேஸ்மென்ட் 'முடித்தது' என்று இருக்கும், இரண்டு குளியலறை மூன்றாக இருக்கும். இந்த மாதிரித் தவறை மதிப்பீட்டாளரிடமே பேசிச் சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி: புதுவீடு வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வரி மிகக் குறைவாக வந்தது. சந்தோஷப்படலாமா?

பதில்: வேண்டாம், பணத்தை எடுத்து வையுங்கள். இப்போது வருவது பெரும்பாலும் வெறும் மனைக்கான வரி. கட்டி முடித்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து கணக்கிட்டு, அக்டோபரில் 'கூடுதல் மதிப்பீடு' என்று தனி பில் வரும். கட்ட வேண்டிய நாள் நவம்பர் 1. இது பெரும்பாலும் வங்கிக்குப் போகாமல் உங்கள் தபால்பெட்டிக்குத்தான் வரும். எஸ்க்ரோ பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால் வட்டி ஏறும். அந்த மதிப்பீட்டை எதிர்த்து மனுப்போட டிசம்பர் 1 வரை நேரம் உண்டு.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்கு எதற்கு?

பதில்: வாடகைக்குள் வரி இருக்கிறது. மாநில வருமான வரிக் கணக்கில் வாடகையில் 18 சதவீதத்தைச் சொத்து வரியாகக் காட்டிக் கழிக்கலாம். வருமானம் 1,50,000-க்குள் இருந்தால் 'ஆங்கர்' என்ற மாநில வரி நிவாரணத் திட்டத்தில் 450 டாலர் கிடைக்கும்.

கேள்வி: எனக்கு 67 வயது. பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். நான் ஏன் 12,000 டாலர் கட்ட வேண்டும்?

பதில்: உங்கள் பிள்ளைகள் படித்தபோதும் அவர்கள் வகுப்பறைக்குப் பிள்ளை இல்லாத வீடுகள் பணம் கட்டின. ஆனாலும் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு இது பாரம்தான், அதற்கு வழி இருக்கிறது. ஆங்கர், சீனியர் ஃப்ரீஸ், ஸ்டே என்ஜே என்ற மூன்று மாநில நிவாரணத் திட்டங்களுக்கும் 65 வயதானவர்களுக்கு ஒரே விண்ணப்பம்: பி.ஏ.எஸ்-1. 2024-ஆம் ஆண்டு வரிக்கு ஸ்டே என்ஜே வரியில் பாதியை, அதிகபட்சம் 6,500 டாலர் வரை, மற்ற இரண்டையும் கழித்துக்கொண்டு தருவதாக இருந்தது. வருமானம் 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டியிருந்தது. உங்கள் வருமானம் 1,50,000-க்கு மேல் 2,50,000-க்குள் என்றால் அந்தக் கணக்குப்படி ஆங்கரில் 1,250, ஸ்டே என்ஜேயில் 4,750, ஆக 6,000. ஆண்டுதோறும் மாநில பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினால்தான் இவை கிடைக்கும் என்பதால், வரம்புகளை அந்தந்த ஆண்டுப் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளின் ஸ்கூல் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஜூலையில் கடிதம் வருகிறது. போர்டு கூட்டத்தில் போய்ச் சண்டை போட்டால் பலன் உண்டா? நாங்கள் விசாவில் இருக்கிறோம், ஓட்டும் கிடையாது.

பதில்: எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கு மேல், ஒன்பதிலிருந்து 2.5 மைலுக்கு மேல் இருக்கும் பிள்ளைகளுக்கு மாவட்டம் பஸ் ஏற்பாடு செய்தாக வேண்டும். அதற்குள் இருப்பவர்களுக்கு ஓடுவது சலுகைப் பஸ். சிறப்புக் கல்வியைச் சட்டப்படி தொட முடியாது, காப்பீட்டையும் கடன் தவணையையும் தொட முடியாது. அதனால் கத்தி விழுவது சலுகைப் பஸ், விளையாட்டு, இசை, நூலகர், பணி நிரந்தரம் ஆகாத இளம் ஆசிரியர்கள் மேல்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு பஸ் விடும் மாவட்டங்கள் உண்டு, உங்கள் ஊரில் காலி இருக்கை இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். நடந்துபோகும் வழியில் நடைபாதை இல்லாத பெரிய சாலை இருந்தால் அதை டவுன்ஷிப்புக்கும் எழுதுங்கள். ஆபத்தான பாதை என்று ஊர் தீர்மானித்தால் செலவைப் பகிரும் வழி பிறக்கலாம்.

ஜூலையில் சண்டை போட்டுப் பெரிய பலன் இல்லை. பள்ளி நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கிவிடுகிறது. ஆளுநரின் பட்ஜெட் உரை முடிந்த சில நாளில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எவ்வளவு உதவி என்று தெரிந்துவிடும், பிப்ரவரி இறுதி அல்லது மார்ச். மார்ச்சில் உத்தேச பட்ஜெட் கவுண்டிப் பள்ளிக் கண்காணிப்பாளரிடம் போகிறது. ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரை பொது விசாரணை. மே 15-க்குள் நிரந்தரமாகாத ஆசிரியர்களுக்கு வேலை உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பள்ளி போர்டுத் தேர்தலை நவம்பருக்கு மாற்றிக்கொண்ட மாவட்டங்களில், வரம்புக்குள் இருக்கும் பட்ஜெட்டுக்கு வாக்கெடுப்பே கிடையாது. அங்கே ஓட்டு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் கையில் இருப்பது அந்தப் பொது விசாரணையும் அதற்கு முந்தைய கூட்டங்களும்தான். பேசக் குடியுரிமை தேவையில்லை. பெரும்பாலும் ஒருவருக்கு 3 நிமிடம் தருவார்கள்.

மூன்று நிமிடத்தில் கோபத்தைக் கொட்டாமல் கணக்கைக் கேளுங்கள். விரிவான பட்ஜெட்டில் 11-000-270 என்று தொடங்கும் கணக்கு எண்கள் போக்குவரத்து, 11-000-291 ஊழியர் சலுகைகளும் காப்பீடும், 11-000-100 வெளிப்பள்ளிகளுக்குக் கட்டும் கட்டணம். சலுகைப் பஸ்ஸை நிறுத்தினால் நிகரமாக மிச்சம் எவ்வளவு, எத்தனை வழித்தடம் உண்மையில் குறைகிறது என்று கேளுங்கள். கட்டாயம் பஸ் விட வேண்டிய பிள்ளைகளுக்காக அதே பஸ் அதே தெருவில் ஓடத்தான் போகிறது என்றால், உங்கள் மகளை ஏற்றாததால் மிச்சமாவது சொற்பம். இந்த ஒரு கேள்வியைப் பத்துப் பெற்றோர் எழுத்திலும் கொடுத்துவிட்டுப் பேசினால் போர்டு பதில் சொல்லாமல் நகர்வது கடினம். பிப்ரவரியிலேயே அந்தப் பத்துப் பேரைச் சேர்த்துவிடுங்கள்.